இரண்டு கிலோவுக்குள்

இரண்டு கிலோவுக்கு மேல்
தூக்கக் கூடாது என்றார் டொக்டர்.
ஆறு கிழமை.
இருமல் வந்தால்
தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.
சிரிப்புக்கும் அதே மருந்து.

அடிவயிற்றில், இடப்பக்கம்,
ஒரு வலை வைத்திருக்கிறார்களாம்.
மாதிரித் துண்டொன்றை மேசையில் காட்டினார்:
வெள்ளை, மெல்லிசு, கண் கண்ணாய்.
இதன் கண்களுக்குள்ளால் உங்கள் சதை வளர்ந்து
தானே பின்னிக்கொள்ளும் என்றார்.
இருபத்தொரு வருடம்
ஹோட்டல் குசினியில் சூப் பானை தூக்கியவனுக்கு
தன் சதைக்குப் பின்னத் தெரியும் என்பது
அன்றுதான் தெரிந்தது.

தூண் என்பது இந்த ஊரின் பெயர்.
சாய்வதற்கு எனக்குத் தலையணைதான்.
ஜன்னலில் மலை இருக்கவேண்டிய இடத்தில்
மாசி மாதத்து மூடுபனி.
மங்களா ஐந்தரை பஸ்ஸில் வேலைக்கு,
ஆரூரன் பள்ளிக்கு,
பேந்து நானும் ஃபிரிட்ஜும்.
அது உறுமும், நான் முனகுவேன்.
ஒன்பது மணிக்குள் டிவியில்
மூன்று கொலை முடிந்துவிடும்.

நாலாம் நாள்
ஆரூரனின் கைவேலைப் பையைக் கிண்டினேன்.
இந்த நாட்டுப் பள்ளியில் பொடியன்களுக்கும் ஊசி கொடுப்பார்கள்.
அவன் பின்னிய தொப்பி
ஒரு முட்டைக்குத்தான் காணும்.
அடியில் ஓர் உறை,
பழம்பொருள் கடையில் நாலு பிராங்க்.
விரித்தால்
பாதிப் பசு.

முகம் இருந்தது. கழுத்தில் மணி இருந்தது.
முன்னங்கால் இரண்டும் புல்லில் ஊன்றியிருந்தன.
வயிற்றோடு நின்றுவிட்டது.
மிச்சம் வெறும் துணி,
வெள்ளை, கண் கண்ணாய்.
சட்டையைத் தூக்கி பிளாஸ்டரைப் பார்த்தேன்,
துணியைப் பார்த்தேன்,
தலையணையைத் தேடினேன்.

யார் நீ, வயிற்றோடு விட்டுவிட்டுப் போனவள்?
அல்லது போனவன்?
கை நடுங்கத் தொடங்கியதா, காதல் வந்ததா?
உன் புள்ளடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
பிசகாமல் நிற்கின்றன.
என்னுடையவை
கண்ணாடி மறந்தவர் போட்ட வோட்டு.

ஊசியில் நூல் கோக்கவே
முதல்நாள் கால் மணித்தியாலம்.
ஆனால் அந்தச் சத்தம்!
நூல் துணிக்குள்ளால் முழுநீளமும் வரும்போது
யாரோ பக்கத்து அறையில்
மெல்ல மூச்சு விடுவதுபோல.
இன்னொன்று, இன்னொன்று என்று இருந்ததில்
பதினொரு மணிக் குளிசையை மறந்தேன்.
வலியும் மறந்துவிட்டது, வர.

மூன்றாம் கிழமை மண்ணிறம் முடிந்தது.
ஓ, இதுதானா உன் காரணம் என்றேன்.
மங்களாவின் தையல் டப்பாவில் இருந்தது
கத்தரிப்பூ நிறம் மட்டும்.
பரவாயில்லை,
பின்பாதிப் பசு கத்தரிப்பூவாய் நடக்கட்டும்.

குகதாசன் பார்க்க வந்தான்,
ஒரு கிலோ தோடம்பழத்தோடு.
மணி கேட்டதும் எல்லாவற்றையும்
குஷனுக்குக் கீழே தள்ளினேன்.
அவன் அதிலேயே இருந்தான்.
அவன் துள்ளிய துள்ளலில்
எனக்குத் தலையணை வேண்டும்,
தலையணையோ அவன் பக்கத்தில்.
வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு
அழுதழுது சிரித்தேன்.

இழுத்தெடுத்துப் பார்த்தான்.
கனநேரம் பார்த்தான்.
"பின்னங்கால் ஏனடா மூன்று?"
"மூன்றாவது வால்."
"அப்படியென்றால் நுனியில் குஞ்சம் வேண்டும்" என்று
எண்ணெய் சுட்ட விரல்களால் ஊசியை வாங்கினான்.
ஏழு மணி பஸ்ஸை விட்டான். எட்டு மணியதையும்.
குஞ்சம் அவனுடையது.

பசு, நூல், ஊசி, சட்டகம்
எல்லாவற்றையும் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
டொக்டர் சொல் தட்டவில்லை.

கடைசிப் பரிசோதனையில் அவர் வயிற்றை அமத்தி
இருமச் சொன்னார். இருமினேன்.
பிடித்துவிட்டது, திங்கள் வேலைக்குப் போகலாம் என்றார்.
எனக்கு இன்னும் ஒரு குளம்பு பாக்கி இருந்தது.

திங்கள் காலை
கத்திப் பைக்குள் அதையும் வைத்தேன்.
இரண்டரை மணிக்கு
மற்றவர்கள் புகைக்கும் பின்கதவடியில்
உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து இருந்தேன்.
குகதாசன் ஊசிக்கு நேரே
போன் வெளிச்சம் பிடித்தான்.